மட்டூஷை விடாத கோட்டை

ஹவ்ரானெட்ஸ் கோட்டையைச் சுற்றிப் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மட்டூஷ் ஹ்ரீப் என்பவனால் அதை விட்டு வெளியே வர முடியவில்லை. அவனை யாரும் பூட்டி வைக்கவில்லை. கோட்டை வாசல் காலையிலிருந்து மாலை ஐந்து மணி வரை அகலத் திறந்தே கிடந்தது. மற்றவர்கள் எல்லோரும் அதன் வழியாகப் போனார்கள், வந்தார்கள். மட்டூஷ் மட்டும் வாசல் வளைவுக்குள் புகுந்து வெளிப்பக்கமாக நடந்தால், மறுமுனையில் சாலையும் பீச் மரங்களும் இருக்க வேண்டிய இடத்தில் மறுபடியும் கோட்டை முற்றம் இருந்தது. கிணறு இருந்தது, புறாக்கள் இருந்தன, படிக்கட்டில் உட்கார்ந்து ரொட்டி தின்னும் காப்பாளர் குபிஷ் இருந்தார். மட்டூஷ் வெளியேறிய கையோடு உள்ளே வந்துகொண்டிருந்தான்.

அது நாங்கள் எல்லோரும் தொழிற்சங்கச் சந்தா கட்டிக்கொண்டிருந்த காலம். லிபோவா காகித ஆலையின் சங்கம் வருடத்துக்கு ஒரு தடவை, ஜூன் மாதத்தில், தொழிலாளர்களைக் குடும்பத்தோடு எங்காவது கூட்டிக்கொண்டு போகும். முந்தின வருடம் நீச்சல் குளத்துக்குப் போய் நாள் முழுக்க மழையில் பேருந்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்து திரும்பினோம். அதனால் அந்த வருடம் கூரை உள்ள இடமாகக் கோட்டை என்று முடிவானது. தரை தேய்ந்துவிடக் கூடாது என்று எல்லோருக்கும் காலணிக்கு மேலேயே மாட்டிக்கொள்ளும் பெரிய கம்பளிச் செருப்புகள் கொடுத்தார்கள். ஜலதோஷம் பிடித்த வழிகாட்டிப் பெண் ஒருத்தி, முற்றுகையின்போது கோட்டைச் சீமாட்டி கவுண்டஸ் பார்போரா கோட்டையில் மிச்சமிருந்த ஒரே மாட்டைக் கொழுக்க வைத்து, மதில் மேல் நிறுத்திக் காட்டி, உணவுக்குக் குறைவில்லை என்று எதிரிகளை ஏமாற்றித் திருப்பி அனுப்பிய கதையைச் சொன்னாள். எங்கள் நாட்டில் எல்லாக் கோட்டையிலும் அதே மாடு உண்டு. கேட்டுவிட்டுச் செருப்புகளைப் பெட்டியில் போட்டோம், ஆளுக்கொரு பீர் குடித்தோம், பேருந்தில் ஏறினோம். மட்டூஷ் வரவில்லை. அவன் எதிலும் கடைசியாகத்தான் வருவான் என்பதால் முதலில் யாரும் கவலைப்படவில்லை. ஓட்டுநர் ஒலிப்பானை விடாமல் அமுக்கத் தொடங்கிய பிறகுதான் மனைவி கிசெலா, எட்டு வயது மகள் ஸ்லாவ்காவைப் பக்கத்து இருக்கைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, இறங்கி வாசலுக்குப் போனாள்.

மட்டூஷ் முற்றத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"என்ன விளையாட்டு இது? ஊரே உனக்காகக் காத்துக்கிட்டிருக்கு."

"நான் வந்துக்கிட்டுதான் இருக்கேன் கிசா. வெளியே வரத்தான் நடக்கறேன், உள்ளே வந்துடறேன்."

"குடிச்சிருக்கியா?"

"ஒரு பீர். அதுவும் பாதி."

"பாதி பீருக்கே வாசல் மறந்துபோச்சா உனக்கு?"

அவள் அவன் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வளைவுக்குள் நடந்தாள். இருவரும் முற்றத்தில் வந்து நின்றார்கள். கிசெலா திரும்பிப் பார்த்தாள், வழி தவறியது தானோ என்று ஒரு கணம் வெட்கப்பட்டாள், மறுபடியும் இழுத்தாள், மறுபடியும் முற்றம். படியில் இருந்த குபிஷ் மெல்லுவதை நிறுத்தினார். பிறகு அவள் அவனை முன்னால் விட்டு, முதுகில் இரண்டு கைகளையும் வைத்துத் தள்ளினாள். வளைவின் நடுவே கை வழுக்கி அவனை விட்டுவிட்டது. அவ்வளவுதான், கிசெலா கைகளை முன்னே நீட்டியபடி சாலையில் தனியாக வந்து விழாக்குறையாக நின்றாள். பேருந்து முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அப்போது அது சிரிக்கத் தகுந்ததாகத்தான் இருந்தது. அவனைத் தொட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் அவன் கதிதான், விட்டால்தான் வெளியே போகலாம் என்பது இப்படித்தான் தெரியவந்தது. இருட்டும் முன் ஊர் போய்ச் சேர வேண்டும் என்று ஓட்டுநர் சொல்ல, பேருந்து கிளம்பியது. மறுநாள் ஆலையில் மேற்பார்வையாளர், மட்டூஷ் எங்கே என்று கேட்டபோது கிசெலா, கோட்டைக்குள் இருக்கிறான் என்று சொன்னாள். எப்போது வருவான் என்று கேட்டார். அதைக் கோட்டையிடம்தான் கேட்க வேண்டும் என்றாள்.

செய்ய வேண்டியதையெல்லாம் செய்து பார்த்தார்கள். தீயணைப்புப் படை ஏணி கொண்டுவந்தது. மட்டூஷ் மதிலின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கினான், இறங்கி முடித்தபோது காலடியில் கிணற்று மேடை இருந்தது. ஒரு பழைய துணிப் பெட்டிக்குள் அவனைப் படுக்க வைத்துக் குதிரை வண்டியில் ஏற்றினார்கள். வண்டியும் குதிரையும் வண்டிக்காரனும் முற்றத்தைச் சுற்றி வந்தார்கள், குதிரைக்கு மட்டும் அதில் ஆட்சேபம் இல்லை. மாவட்டத் தலைமையகத்திலிருந்து தோல் கோட்டு போட்ட ஓர் அதிகாரி வந்து, உழைப்பைத் தவிர்க்கும் நோக்கம் இது என்று அறிவித்து, மட்டூஷின் மணிக்கட்டோடு தன் மணிக்கட்டையும் சேர்த்து விலங்கு பூட்டி நடத்திக்கொண்டு போனார். விலங்கின் சாவி வெளியே அவருடைய காரில் இருந்தது. குபிஷ் போய் எடுத்துக்கொண்டு வரும்வரை அதிகாரி கிணற்றடியில் மட்டூஷோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார்; குபிஷ் ரொட்டியை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். பங்குத் தந்தை, அன்றைய ஆட்சிக்குப் பயந்து சாதாரண உடையில், சுற்றிப் பார்க்க வந்தவரைப் போல வந்து, யாரும் பார்க்காதபோது வாசலில் தீர்த்தம் தெளித்தார். பிராட்டிஸ்லாவாவிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து வளைவை அளந்து, அது இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டுப் போனார். நீ அன்றைக்கு அப்படி என்னதான் செய்தாய் என்று எல்லோரும் மட்டூஷைக் கேட்டார்கள். செருப்பைப் பெட்டியில் போட்டேன் என்று அவன் எல்லோரிடமும் ஒரே பதிலைச் சொன்னான். கிசெலாவுக்கு ஆத்திரம் மூட்டியது அதுதான். ஒரு சாபம், ஒரு பாவம், உடைத்த சிலை ஒன்று, ஏதாவது இருந்திருந்தால் அவளால் அவனை ஒழுங்காகத் திட்டியிருக்க முடியும்.

மட்டூஷ் வாசலுக்குப் பக்கத்தில், பழைய காவலர் அறையில் குடியேறினான். தினமும் காலையில் முகம் மழித்து, தலை சீவி, வேலைக்குப் போகிறவனைப் போல வளைவுக்குள் நடந்து முற்றத்துக்கு வருவான். பிறகு, சரி, இன்றைக்கும் இல்லை என்று சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுப்பான். குபிஷ் முதல் வருடம் முழுக்க அவனைப் பற்றி மேலிடத்துக்குப் புகார் எழுதினார். இரண்டாவது வருடத்தில் சாக்கடையைத் தூர்வாரச் சொன்னார். மூன்றாவது வருடத்தில் இருவரும் சேர்ந்து வடக்குக் கோபுரத்துக்குக் கூரை மாற்றினார்கள்.

கிசெலா ஒவ்வொரு ஞாயிறும் போனாள். ஒரு மணி நேரம் பேருந்து, அப்புறம் மலையேற்றம், கையில் துணி சுற்றிய பாத்திரத்தில் குலாஷ் இறைச்சிக் குழம்பு, இன்னொரு கையில் துவைத்த சட்டைகள். கோட்டைக்குள் வழிகாட்டியோடு சுற்றுகிறவர்களைத் தவிர யாரையும் விடக் கூடாது என்பது விதி. குபிஷ் விதியில் கறாரான ஆள். ஆகவே தன் கணவனைப் பார்க்க அவள் ஒவ்வொரு தடவையும் கம்பளிச் செருப்பை மாட்டிக்கொண்டு, சாப்பாட்டுக்கூடம், ஆயுத அறை, தேவாலயம் என்று முழுச் சுற்றும் சுற்றியாக வேண்டியிருந்தது. குலாஷின் வாசனை கூட்டத்தில் எல்லோருக்கும் பசியைக் கிளப்பியது. சீக்கிரம் சொல்லும்மா, ஆறிப்போகுது என்று அவள் வழிகாட்டியை விரட்டுவாள். வழிகாட்டிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள், புதிதாக வந்த பெண் தடுமாறினால் பின்வரிசையிலிருந்து கிசெலாவின் குரல் எழுதிக்கொடுத்ததைப் போல வரும்: "மாட்டை மூணாவது மாசம்தான் மதில்ல ஏத்தினாங்க, ரெண்டாவது மாசம் இல்ல. மேல போ." கவுண்டஸ் பார்போராவை அவள் தன் நாத்தனாரை வெறுத்ததைவிட அதிகமாக வெறுத்தாள்.

சுற்று முடிந்து காவலர் அறைக்கு வரும்போது பாதி நேரம் போயிருக்கும். மீதி நேரத்தில் அந்த வாரத்துக்கானதையெல்லாம் கொட்ட வேண்டும். நிலக்கரியைத் தெருவிலேயே கொட்டிவிட்டுப் போனது, அதை அவளும் ஸ்லாவ்காவும் வாளியில் அள்ளியது, பன்றி அறுக்க ஆள் கிடைக்காதது, ஸ்லாவ்காவுக்குக் கணக்கு வராதது. மட்டூஷ் தலையாட்டிக்கொண்டே சாப்பிடுவான். அவன் உடம்பு நன்றாகத்தான் இருந்தது, இன்னும் சொல்லப்போனால் தேறியிருந்தது. ஒரு ஞாயிறு அவள் படியேறி வரும்போது அவன் வடக்குக் கோபுரத்தின் உச்சியில், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, வாயில் ஆணிகளோடு உட்கார்ந்திருந்தான். கிசெலா பாத்திரத்தை முற்றத்தில் வைத்தாள்.

"இறங்கு கீழே!" என்று கத்தினாள். "நம்ம வீட்டுக் கூரை ஒழுகுதுன்னு கல்யாணமான வருஷத்துல இருந்து சொல்றேன். ஏணி ஆடுது, முதுகு வலிக்குது, நாளைக்குப் பாக்கலாம். இங்க கவுண்டஸுக்குக் கோபுரமே போடறியோ?"

மட்டூஷ் வாயிலிருந்து ஆணிகளை எடுத்தான். "அவங்க கேக்கவே இல்ல கிசா. அவங்க செத்து ஐநூறு வருஷமாச்சு."

"நான் உயிரோட இருந்து கேட்டேன், அதுதான் தப்பு!"

சுற்றுலாவுக்கு வந்திருந்த பள்ளிக்கூடம் ஒன்று மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தது. வழிகாட்டி அவர்களை ஆயுத அறைக்கு ஓட்டிக்கொண்டு போனாள்.

இப்படிப் பல வருடங்கள் போயின. கிசெலா முப்பதுகளில் இருந்தாள். பார்க்க நன்றாக இருந்தாள், கோபப்படும்போது இன்னும் நன்றாக இருந்தாள். அவள் விதவையில்லை, கைவிடப்பட்டவளும் இல்லை. நகர அலுவலகத்தில் தன் நிலைமை என்ன என்று கேட்கப் போனாள். கணவர் இருக்கும் இடம் தெரியுமா என்று அங்கே இருந்த பெண் கேட்டாள்.

"தெரியும்."

"உயிரோட இருக்காரா?"

"போன ஞாயித்துக்கிழமை மூணு தட்டு சாப்பிட்டான்."

"அடிப்பாரா? வேற பொம்பளை ஏதாவது?"

"பொம்பளைன்னா கவுண்டஸ் ஒருத்திதான். படத்துல தொங்கறா."

"அப்ப உங்களுக்கு என்னதாங்க பிரச்சினை?" என்று அந்தப் பெண் உண்மையாகவே புரியாமல் கேட்டாள். கிசெலா கதவை அடித்துச் சாத்திய சத்தம் எங்கள் ஆலைவரை கேட்டது என்பார்கள். அது மிகை, ஆனால் ரொட்டிக்கடைவரை கேட்டது.

அந்த நாட்களில்தான் ஃப்ளோரியான் வந்தான். காட்டிலிருந்து ஆலைக்கு மரம் ஏற்றி வரும் லாரிக்காரன், மனைவியை இழந்தவன், அதிகம் பேசாதவன். ஒரு மார்ச் மாதம் கிசெலா வீட்டுப் புகைபோக்கி அடைத்துக்கொண்டு சமையலறை கறுத்துப் போனபோது, யாரும் கூப்பிடாமலே ஏணியோடு வந்து நின்றான். அடுத்த வாரம் கூரையைச் சரிசெய்தான். அதற்கடுத்த வாரம் சரிசெய்ய ஒன்றும் மிச்சமில்லாததால் வெறுமனே வந்து சமையலறையில் உட்கார்ந்தான். ஸ்லாவ்காவுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தான். கோடை முடியும்போது, தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, தன்னைக் கல்யாணம் செய்துகொள்வாளா என்று கேட்டான். கிசெலா பாத்திரத்தைத் தொடர்ந்து கழுவிக்கொண்டிருந்தாள். தன் தரப்பில் சொல்லத் தகுந்தது வேறு என்ன இருக்கிறது என்று அவன் நெடுநேரம் யோசித்திருக்க வேண்டும். கடைசியில், "நான் எந்த வாசல் வழியா வெளியே போனாலும் வெளியேதான் போவேன்" என்றான். கிசெலா ஈரக் கையோடு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

மட்டூஷிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை அவள் கோட்டைக்குப் போனாள். கையில் பாத்திரம் இல்லை. இந்த விஷயத்தை குலாஷோடு சேர்த்துக் கொடுக்க முடியாது என்று நினைத்திருந்தாள். சுற்று முழுவதும் நடந்தாள், மாட்டுக் கதையை முதல்முறையாகத் திருத்தாமல் கேட்டாள். காவலர் அறைக்குள் போனபோது மட்டூஷ் கட்டிலில் முழங்காலை மார்போடு சேர்த்துச் சுருண்டு கிடந்தான். நேற்றிலிருந்து வயிறு என்றான். உதடு காய்ந்து, உடம்பு கொதித்தது. வலப்பக்கம் விரல் வைத்ததும் அலறினான்.

குபிஷ் தொலைபேசியில் கத்தி ஆம்புலன்ஸை வரவழைத்தார். மட்டூஷை ஏற்றினார்கள், கிசெலா அவன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள், வண்டி மணியடித்துக்கொண்டு வளைவுக்குள் பாய்ந்தது, முற்றத்துக்குள் வந்தது. ஓட்டுநர் புது ஆள். பின்னோக்கி எடுத்து மறுபடி ஓட்டினான், பிறகு வேகம் போதவில்லை என்று நினைத்தவனைப் போல முடுக்கி ஓட்டினான். புறாக்கள் எழும்பின, கிணற்று வாளி உருண்டது. "இந்த ஊர்ல வெளியே போற வழி எங்கேடா வெச்சிருக்கீங்க!" என்று அழுகிற குரலில் கேட்டான். கிசெலா உள்ளேயிருந்து தடுப்பைத் தட்டினாள். "நிறுத்துப்பா. இவன் இருக்கறவரைக்கும் வண்டி போகாது. இவனை இறக்கிட்டுப் போய் டாக்டரைக் கூட்டிட்டு வா." மட்டூஷைக் கீழே இறக்கியதும் வண்டி எந்தத் தடங்கலும் இல்லாமல் சாலைக்குப் போய்ச் சேர்ந்தது.

மாவட்ட மருத்துவமனையின் அறுவை மருத்துவர் குள்ளமான, கோபக்காரப் பெண்மணி. பெட்டியோடு வந்து இறங்கியவர், வெளிச்சமும் நீளமான மேசையும் எங்கே இருக்கின்றன என்று மட்டும் கேட்டார். இரண்டும் சாப்பாட்டுக்கூடத்தில்தான் இருந்தன: தொடாதீர்கள் என்று அட்டை வைத்த ஓக் மர மேசை, கவுண்டஸ் காலத்து மேசை. குபிஷ் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் அட்டையை எடுத்தவரும், கொதிக்கும் நீரால் மேசையைத் துடைத்தவரும் அவர்தான். பழக்கதோஷத்தில் மருத்துவரிடம் ஒரு ஜோடி கம்பளிச் செருப்பை நீட்டினார். மருத்துவர் அதில் ஒன்றை அவர்மீதே எறிந்தார். சன்னல் வெளிச்சம் போவதற்குள் குடல்வாலை எடுத்து, வயிற்றைத் தைத்து முடித்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் வெடித்திருக்கும் என்றார் மருத்துவர். கைகழுவிக்கொண்டே, "இவரை எதுக்கு இங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். விளக்கிச் சொல்ல யாருக்கும் தெம்பில்லை.

கிசெலா விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே தங்கினாள். காய்ச்சல் விட்ட அன்று காலை மட்டூஷ் கண்ணைத் திறந்து, "அன்னிக்கு வியாழக்கிழமை. நீ எதுக்கு வந்தே?" என்று கேட்டான்.

அவள் சொன்னாள். சுற்றி வளைக்காமல், ஃப்ளோரியான் பெயரையும் சேர்த்துச் சொன்னாள்.

மட்டூஷ் கூரையைப் பார்த்தான். "நல்ல மனுஷன். அவ்வளவு நீள லாரியை ஆலைச் சந்துல ஒரே மூச்சுல பின்னால எடுப்பான்."

"அதுதானா உனக்குத் தோணுது?"

"வேற என்ன சொல்லட்டும்?"

"வேண்டாம்னு சொல்லலாம். போகாதேன்னு சொல்லலாம். மனுஷன்னா ஏதாவது ஒண்ணு சொல்லுவான் மட்டூஷ்! இத்தனை வருஷமா நான் மட்டும்தான் பேசிக்கிட்டிருக்கேன்."

அவன் போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டான். பிறகு சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான்: "மேற்குக் கோபுரத்துல இருந்து பாத்தா பஸ் நிக்கற இடம் தெரியும். நீ போன அப்புறம் ஏறிப் போய் நிப்பேன், பஸ் வர்ற வரைக்கும். மழைன்னா பையைத் தலையில வெச்சுப்பே. பனின்னா காலை மாத்தி மாத்தி உதறுவே. இங்க மூணு குடை கிடக்கு கிசா, யாரோ விட்டுட்டுப் போனது. கொண்டு வந்து குடுக்க முடியல. அந்த ஆள்கிட்ட லாரி இருக்கு. நீ போ."

அவன் வாழ்க்கையில் தானாக எடுத்த முதல் முடிவு அதுதான் என்று கிசெலா பின்னால் என் மனைவியிடம் சொன்னாள். அதையும் எவ்வளவு தாமதமாக எடுத்தான் பாருங்கள் என்று சொல்லி மேசையில் குத்தினாள். அன்று அவள் முற்றத்துக்குப் போய், கிணற்றடியில் நின்று, யார்மீது என்று தெரியாத கோபத்தில் சத்தமாக அழுதாள். குபிஷ் அன்றைய சுற்றுகளைப் பின்புறப் படிக்கட்டு வழியாகத் திருப்பி விட்டார்.

விவாகரத்து வழக்குக்குக் கணவன் நீதிமன்றத்துக்கு வர இயலாததால் நீதிபதி கோட்டைக்கு வந்தார். அவரும் கம்பளிச் செருப்பு மாட்டிக்கொண்டார், எழுத்தரும் மாட்டிக்கொண்டார். குடும்பத்தோடு வாழ வீடு திரும்பச் சம்மதமா என்று நீதிபதி கேட்டபோது மட்டூஷ் சம்மதம் என்றான். பிறகு எழுந்து, சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு, எல்லோரும் பார்க்க வாசலுக்கு நடந்து போய், வளைவுக்குள் மறைந்து, அதே வளைவிலிருந்து அவர்களை நோக்கி வந்தான். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திருமணம் முறிந்ததற்கு இரு தரப்பிலும் குற்றமில்லை, காரணம் கட்டடக் கோளாறு என்று தீர்ப்பானது.

வசந்த காலத்தில் கிசெலாவும் ஃப்ளோரியானும் கல்யாணம் செய்துகொண்டார்கள். மறு ஞாயிறு கிசெலா கோட்டைக்குப் போகவில்லை. இனிப் போக வேண்டியதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆட்டுப் பாலாடைக்கட்டி போட்டு ஹலுஷ்கி என்னும் உருளைக்கிழங்கு மாவு உருண்டைகள் செய்தாள். மூன்று பேர் சாப்பிடும் வீட்டில் எட்டுப் பேருக்கான அளவுக்குச் செய்துவிட்டாள். பத்து மணிக்கு ஸ்லாவ்காவிடம் எரிந்து விழுந்தாள், பதினொன்றுக்குப் பூனையைத் திட்டினாள். ஃப்ளோரியான் எழுந்து போய் லாரியைக் கிளப்பினான். "பாத்திரத்தை மடியில வெச்சுக்க" என்றான், "சூடா இருக்கும், துணி போட்டுக்க."

அதற்குப் பிறகு அவள் நிலைமை மோசமானது என்று சொல்ல வேண்டும். முன்பு ஒருவனுக்குச் சுமந்தாள், இப்போது இரண்டு பேருக்குச் சுமந்தாள். இருவரும் காவலர் அறைச் சன்னலோரம் உட்கார்ந்து சீட்டு விளையாடினார்கள். பேசவே மாட்டார்கள் என்று நாங்கள் நினைத்த இரண்டு ஆண்கள், ஓக் மரமா பைன் மரமா, எந்தப் பலகை மழைக்குத் தாங்கும் என்று மணிக்கணக்கில் வாதாடினார்கள். கிசெலா எதையாவது சொன்னால் இரண்டு தலைகள் ஒன்றாக நிமிரும், ஒன்றாக ஆடும், ஒன்றாகக் குனியும். "ஒரு கழுதையைக் குடுத்துட்டு இன்னொண்ணு வாங்கினேன்னு நினைச்சேன்" என்பாள் அவள். "பழைய கழுதை போகவே இல்ல!"

ஆட்சி மாறியது. ஆலை விற்கப்பட்டது, பிறகு மூடப்பட்டது, பிறகு அதில் ஒரு பகுதியில் மெத்தை விற்றார்கள். கோட்டை நகரத்துக்குச் சொந்தமானது. வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள், வழிகாட்டிகள் தேவாலயத்துக்கும் ஆயுத அறைக்கும் நடுவில் மட்டூஷையும் காட்டினார்கள், அவன் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கை குலுக்கினான். ஒரு தொலைக்காட்சிப் பெண் ஒலிவாங்கியை நீட்டி, வெளியுலகத்தில் எதற்காக ஏங்குகிறீர்கள் என்று கேட்டாள். அவன் நெடுநேரம் யோசித்து, ரயில் என்று சொன்னான். குபிஷ் ஓய்வு பெற்றார், மனைவியை இழந்தார், ஆனாலும் தினமும் மலையேறி வந்து படியில் உட்கார்ந்து புதிய காப்பாளர்மீது குற்றம் கண்டுபிடித்தார். ஸ்லாவ்கா செவிலியாகி, சாப்பாட்டுக்கூடத்தில் கல்யாணம் செய்துகொண்டாள். ஒரு கையை மட்டூஷும் மறு கையை ஃப்ளோரியானும் பிடித்து அழைத்துப் போனார்கள். வளைவுவரை வந்ததும் மட்டூஷ் மகளின் கையை விட்டான். விடாவிட்டால் அவளால் தேனிலவுக்குப் போக முடியாது.

பெரும்பனி பெய்த வருடம், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், கிசெலாவும் ஃப்ளோரியானும் மட்டூஷுக்குக் கெண்டை மீனும் உருளைக்கிழங்கு சாலடும் கொடுத்துவிட்டு உடனே திரும்புவதாகப் போனார்கள். ஸ்லாவ்கா கணவனோடு மாமியார் வீட்டில் இருந்தாள். மாலைக்குள் மலைப்பாதை மூடிவிட்டது. லாரி பனிக்குள் பாதி புதைந்தது. நேற்றே கிளம்பியிருக்கலாம், சக்கரத்துக்குப் பனிச் சங்கிலி போட்டு வந்திருக்கலாம், யாராவது வானத்தைப் பார்த்திருக்கலாம் என்று கிசெலா இரண்டு பேரையும் மாறி மாறித் திட்டிக்கொண்டே காவலர் அறை அடுப்பில் மீனைப் பொரித்தாள், முட்டைக்கோஸ் சூப்பைச் சூடாக்கினாள். எதிர்பாராமல் வருகிறவருக்கென்று அன்றிரவு ஒரு தட்டு கூடுதலாக வைப்பது எங்கள் வழக்கம். லிபோவா வீட்டில் இத்தனை வருடமும் கிசெலா அந்தத் தட்டை வைக்கும்போது ஒரே ஆளைத்தான் மனதில் வைத்திருந்தாள். ஃப்ளோரியானுக்கும் அது தெரியும், அவன் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது அவள் மேசையில் ஒவ்வொன்றாகத் தட்டு வைத்தாள்: தனக்கு, ஃப்ளோரியானுக்கு, மட்டூஷுக்கு. நான்காவது தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். அதை யாருக்கென்று வைப்பது என்று அவளுக்கு உடனே விளங்கவில்லை.

"என்ன கிசா?" என்றான் மட்டூஷ்.

"ஒண்ணுமில்ல. ரெண்டு பேரும் கையைக் கழுவுங்க. என்ன பாத்துக்கிட்டு!"

தட்டை மேசையில் வைத்தாள். அன்றிரவு வழக்கப்படி நெற்றியில் தேன் தொட்டு வைக்கும்போது முதலில் யாருக்கு வைப்பது என்பதில் சற்றுக் குழம்பி, இரண்டு நெற்றிகளிலும் இரண்டு கைகளால் ஒரே சமயத்தில் வைத்தாள். சூப்பை ஊற்றும்போது கதவு தட்டப்பட்டது. முழங்கால்வரை பனியோடு குபிஷ் நின்றிருந்தார். புதிய காப்பாளர் தண்ணீர்க் குழாய்க்கு வைக்கோல் சுற்றினானா என்று பார்க்க வந்ததாகவும், நினைத்தபடியே சுற்றவில்லை என்றும், இனித் திரும்பிப் போக முடியாது என்றும் சொன்னார். யாரும் அவருக்கு இடம் காட்டவில்லை. அவராகவே நான்காவது தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, சூப்பில் உப்பு குறைவு என்றார்.

பாதை திறக்கச் சில நாட்கள் ஆயின. கிளம்பும்போது மட்டூஷ் கோட்டு மாட்டிக்கொண்டு, வீட்டுக்காரன் விருந்தாளிகளை வழியனுப்புவதைப் போல அவர்களோடு வளைவுக்குள் நடந்து வந்தான். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது, இன்றுவரை நடக்கிறது. வளைவு முழுவதும் மூன்று பேரும் பக்கத்தில் பக்கத்தில் நடப்பார்கள். மறுமுனையில் கிசெலாவும் ஃப்ளோரியானும் சாலைக்கு வருவார்கள், மட்டூஷ் முற்றத்துக்கு வருவான். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கிசெலா அந்த வாரத்துக்கான கடைசிக் குற்றச்சாட்டை எப்போதும் வளைவுக்கென்றே வைத்திருப்பாள், மறுமுனைக்கு இரண்டடி இருக்கும்போது அதைச் சொல்லி முடிப்பாள். மட்டூஷ் நின்று, யோசித்து, சரியான பதிலைக் கண்டுபிடித்துச் சொல்லும்போது அதைக் கேட்கப் புறாக்கள்தான் இருக்கும்.